மறுப்பை எழுதி வாங்குங்கள்

மும்பையில் தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், பள்ளி அறக்கட்டளைகள் நடத்தும் நிர்வாகிகளுக்கு,



டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். அதையொட்டியும் பொங்கல் விழா மேடைகளிலும் நம் அமைப்புகள் சக்கர நாற்காலி வழங்குகின்றன. ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, ஐந்து கிலோ அரிசி, ஒரு சால்வை என்று அவரவர் வசதிக்குத் தருகிறோம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு இருக்கிறதா, அதில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள், மாநில அரசின் உதவித்தொகைக்கு மனுப் போட்டாரா, போட்டது என்ன ஆயிற்று என்று மேடையில் இருக்கும் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். ‘போனோம், இல்லைன்னுட்டாங்க’ என்று பதில் வரும். இல்லை என்றது யார், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி, எந்தக் காகிதத்தில்? காகிதம் என்று ஒன்று இருக்காது. மாற்றுத்திறனாளிகளுக்காக இந்த நகரத்தில் நம் அமைப்புகள் செய்யக்கூடிய வேலைகளில் அதிகப் பலன் தருவது அந்தக் காகிதத்தை வாங்கிக் கொடுப்பதுதான் என்று சொல்லவே இந்த மடல்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது. இது 21 வகைகளை எடுக்கிறது. கண், காது, கை கால் தவிர மனநோய், ஆட்டிசம், பார்க்கின்சன், தலசீமியா, அமில வீச்சுக் காயம், தொழுநோய் குணமான பின் எஞ்சும் ஊனம் எல்லாம் இதற்குள் வரும். சான்றிதழ் தர முடியாது என்று மருத்துவ அதிகாரி முடிவெடுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். 2017 விதிகளின் பின்னிணைப்பில் மறுப்பைத் தெரிவிப்பதற்கென்றே தனிப் படிவம் உண்டு. அந்த முடிவு சரியில்லை என்று நினைப்பவர் சட்டத்தின் 59ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். வருமானச் சான்று, டோமிசைல் என்ற குடியிருப்புச் சான்று போன்ற தாசில்தார் அலுவலகக் காகிதங்களுக்கு மகாராஷ்டிரத்தின் 2015ஆம் ஆண்டுப் பொதுச்சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மனுவுக்கு எண்ணோடு ரசீது தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும், யாரிடம் எத்தனை நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதியே தர வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். தாமதித்த அதிகாரிக்கு அபராதம்கூட அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. கவுன்டரில் நடப்பதோ வேறு. ‘டாக்டர் இன்னிக்கு இல்ல’, ‘சர்வர் டவுன்’, ‘அடுத்த புதன்கிழமை வாங்க’, ‘இது இங்க இல்ல, பாந்த்ராவுக்குப் போங்க’. இவற்றில் எதுவும் சட்டத்தின் கண்ணில் மறுப்பே ஆகாது. மனு பதிவாகாததால் அது மறுக்கப்படவில்லை. மறுக்கப்படாததால் மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. மேல்முறையீடு இல்லாததால் விசாரணை நடக்கப்போவதும் இல்லை. அரசுக் கணக்கில் அந்த ஆள் அந்த அலுவலகத்துக்கு வரவே இல்லை.

வாய்மொழி மறுப்பில் எவ்வளவு பணம் போகிறது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். 40 சதவீதம் என்பது சட்டம் போட்ட முதல் கோடு. அதற்குக் கீழே சான்றிதழ் கிடைத்தாலும் உதவித்தொகை எதுவும் வராது. 80 சதவீதம் இரண்டாவது கோடு. மும்பை மாநகராட்சி 2024இல் தொடங்கிய தர்மவீர் ஆனந்த் திகே திட்டத்தில் 40க்கு மேல் 80க்குள் இருப்பவரின் மஞ்சள் யுடிஐடி கார்டுக்கு ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாய். 80க்கு மேல் நீல கார்டுக்கு 18,000. மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கும் வறுமைக்கோட்டுப் பட்டியலோடு 80 சதவீதம் வேண்டும். ஆக 38க்கும் 40க்கும், 78க்கும் 80க்கும் இடையில் ஒரு குடும்பத்தின் வாடகை இருக்கிறது. இந்த எண்ணைப் போடுவதற்கு மத்திய அரசு விரிவான மதிப்பீட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. 2018 ஜனவரியில் வந்தவை 2024 மார்ச்சில் திருத்தப்பட்டன. ஒருவருக்கு இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட அவற்றில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டில் பெரிய எண்ணோடு, சிறிய எண்ணின் ஒரு பகுதியைக் கூட்ட வேண்டும். 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, அதை 90ஆல் வகுத்தால் அந்தப் பகுதி கிடைக்கும். காலில் 30, கண்ணில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90இலிருந்து 30 போனால் 60. 60ஐ 90ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. 30இல் மூன்றில் இரண்டு 20. மொத்தம் 50. இவரை எலும்பு டாக்டர் மட்டும் பார்த்து 30 என்று போட்டு அனுப்பினால் அவருக்கு ஒன்றுமில்லை. கண் டாக்டரும் பார்த்திருந்தால் மஞ்சள் கார்டு. கண்ணையும் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதற்கு அவருக்கு இப்படி ஒரு சூத்திரம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் கூட நின்றாலும் போதும்.

முதல் மறுப்பைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. பிரிட்டனில் ‘பிப்’ என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுக்கப்பட்டவர்கள் முதலில் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே விசாரணை வரை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஜெயிக்கிறார்கள். சட்டமும் நிர்வாகமும் நம்முடையதைவிடச் சீராக இயங்கும் நாட்டிலேயே முதல் முடிவு இவ்வளவு தப்பாக இருக்கிறது. அங்கே அந்தத் தப்பை எண்ண முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு மறுப்பும் தேதி போட்ட கடிதமாக வீட்டுக்கு வருவது. இங்கே வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படுபவர்களை யார் எண்ணுவது?

நம்மவர்களுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு இடறல்கள் உண்டு. அவை பொதுவான பேச்சில் வருவதில்லை. ஒன்று, பெயர். மகாராஷ்டிரப் படிவங்கள் தன் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். உதாரணத்துக்கு, ஆதாரில் ‘முருகன் எஸ்’, ரேஷன் கார்டில் ‘முருகன் சுடலைமுத்து’, ஆஸ்பத்திரிக் கேஸ் பேப்பரில் எழுதியவர் காதில் விழுந்தபடி ‘முர்கன்’, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் அன்றைக்கு யாரோ கேட்டதற்குச் சொன்ன சாதிப்பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டது. நான்கும் ஒரே ஆள் என்று அவர் வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும்; பணம் ஆதார் வழியாக நேரே வங்கிக்குப் போகும் இந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இரண்டாவது, ஊர். ஊரில் எடுத்த ஊனச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடுகிறார்கள். அது செல்லும். சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 58ஆம் பிரிவு சொல்கிறது. சட்டப்படி கேட்கப்படுவது வேறொன்று: மாநில அரசின் உதவித்தொகையான சஞ்சய் காந்தி நிராதார் அனுதான் திட்டத்துக்கு மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு குடியிருந்த ஆதாரம் வேண்டும். தாராவியில் மூன்று தலைமுறையாக இருப்பவரும் அதைக் காகிதத்தில்தான் காட்ட வேண்டும். எது சட்டப்படி கேட்கப்படுவது, எது அன்றைக்குக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால் இரண்டுக்கும் ஒரே மாதிரி பயப்படுகிறோம்.

வருமான வரம்புக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். 1980இலிருந்து நடக்கும் சஞ்சய் காந்தி திட்டத்தில் பொதுவான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 50,000. ஐம்பதாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,166 ரூபாய். தாராவியில் பத்துக்குப் பத்து அறைக்கு வாடகை கொடுத்து, மின்சாரம் கட்டி, நான்கு பேர் சாப்பிடும் எந்தக் குடும்பம் மாதம் 4,166 ரூபாயில் நடக்கும்? உண்மையான வருமானத்தைச் சொன்னால் உதவி இல்லை. உதவி வேண்டுமென்றால் பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை விற்கத்தான் ஏஜென்ட் இருக்கிறார். இதே மாநிலம் 2024 ஜூலையில் பெண்களுக்கான லாட்கி பஹீண் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். மஞ்சள் அல்லது காவி ரேஷன் கார்டு இருந்தால் வருமானச் சான்றே வேண்டாம் என்றார்கள். டோமிசைல் இல்லையா, பழைய ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ பள்ளிச் சான்றிதழோ போதும் என்று சில நாட்களில் தளர்த்தினார்கள். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வேண்டும் என்று நினைத்தால் அரசால் வரம்பை உயர்த்த முடியும், காகிதத்தைக் குறைக்க முடியும், அதையும் சில வாரங்களில் செய்ய முடியும் என்பது நம் கண் முன்னால் நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு அது நடக்காததற்கு ஒரு காரணம், வருமான வரம்பால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இத்தனை பேர் என்று காட்டும் மறுப்புக் கடிதக் கட்டு யாரிடமும் இல்லாதது. நூறு பேர் உண்மை வருமானத்தை எழுதி மனுக்கொடுத்து, நூறு மறுப்பை எழுத்தில் வாங்கினால், அதைச் சட்டமன்ற உறுப்பினர் மேசையில் வைக்கலாம், நீதிமன்றத்திலும் வைக்கலாம். நூறு பேர் பொய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வரம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று அரசு சொல்லிக்கொள்ளும்.

எழுத்தில் இருக்கும் உரிமையும் கேட்க ஆளில்லாவிட்டால் எத்தனை ஆண்டு தூங்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களில் கிடைப்பதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரத்தில் 2023இல் சஞ்சய் காந்தி திட்டத்தின் மாதத் தொகை 1,500 ஆனபோது எல்லா வகைப் பயனாளிகளுக்கும் அதே 1,500தான். 2025 செப்டம்பரில் அமைச்சரவை முடிவெடுத்து, அக்டோபரிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 2,500 ஆனது. சட்டம் நடப்புக்கு வந்து எட்டு ஆண்டுக்கு மேல் ஓடிய பிறகு, பச்சு கடு போன்ற அரசியல் தலைவர்கள் உண்ணாவிரதமும் போராட்டமும் நடத்திய பிறகு.

‘இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய்க்கா இத்தனை பாடு?’ என்று உங்களில் வசதியானவர்கள் கேட்கலாம். ஆந்திராவில் 2024இலிருந்து 6,000 தருகிறார்கள், தெலங்கானாவில் 4,016. அவற்றோடு வைத்துப் பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். மாநிலத்தின் 2,500 ஆண்டுக்கு 30,000. மாநகராட்சித் திட்டத்தின் தகுதியும் இருந்தால் மஞ்சள் கார்டுக்கு இன்னும் 12,000, நீல கார்டுக்கு 36,000. நம் சங்கம் விழாவில் தரும் சக்கர நாற்காலி ஒரு தடவைதான். இது ஆண்டுதோறும் வருவது. அதோடு, அந்த யுடிஐடி கார்டுதான் பிள்ளையின் கல்லூரி இடஒதுக்கீட்டுக்கும் அரசு வேலைக்கும் அடிப்படை. சிறுதொகை என்று நாம் ஒதுக்குவது பெரும்பாலும் நமக்குச் சிறிதாகத் தெரியும் தொகையைத்தான்.

‘இது அரசின் வேலை, ஏழைக்கு ஏஜென்ட் இருக்கிறான், சங்கம் ஏன் இதில் தலையிட வேண்டும்?’ என்பது அடுத்தது. அரசின் வேலைதான், சந்தேகமில்லை. தெருவுக்குத் தண்ணீர் விடுவதும் அரசின் வேலை; ஆனால் குழாய் வராத நாளில் வார்டு ஆபீசுக்குப் போய் நின்றவர்கள் நம் முன்னோர்கள். ஏஜென்டைப் பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் ஒரு பற்றாக்குறையை நிரப்புகிறார். ஆனால் மறுப்பை எழுதி வாங்குவது அவருக்கு நஷ்டம். எழுதி வாங்கினால் மேல்முறையீடு, மேல்முறையீட்டில் ஜெயித்தால் அடுத்தவருக்கும் வழி தெரிந்துவிடும். அவருடைய பிழைப்பு வழி தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. சங்கத்துக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தம் கிடையாது.

மோசடியைக் காட்டி எழும் ஆட்சேபத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. 2024இல் மகாராஷ்டிரத்தைக் கலக்கிய பூஜா கேட்கர் விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பயிற்சி ஐஏஎஸ் அதிகாரியான அவருடைய தேர்வை அந்த ஆண்டு ஜூலை 31 அன்று யுபிஎஸ்சி ரத்து செய்தது. அவர் கொடுத்த மாற்றுத்திறன் சான்றிதழ்களும் கேள்விக்குள்ளாயின. அதன் பிறகு சான்றிதழ் என்றாலே சந்தேகப்படும் மனநிலை அலுவலகங்களில் கூடிவிட்டது. போலிக்குத் தண்டனை இருக்க வேண்டும். 91ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கவுன்டரில் வாய்மொழியாக விரட்டுவது போலியைத் தடுக்கிறதா? போலி ஆள் கவுன்டருக்கே வருவதில்லை, பின்வாசல் வழியாக வருகிறார். கவுன்டரில் திருப்பி அனுப்பப்படுபவர் உண்மையான ஆள். ஒவ்வொரு மனுவுக்கும் எண், ஒவ்வொரு பரிசோதனைக்கும் அளவுகள், ஒவ்வொரு முடிவுக்கும் எழுதிய காரணம் என்று இருந்தால் பொய்யான 40 சதவீதமும் அகப்படும், அநியாயமான 38 சதவீதமும் அகப்படும். எழுத்தைக் கேட்பவர் மோசடிக்காரருக்கு எதிரிதான்.

இன்னொரு தயக்கத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. நாம் வெளியிலிருந்து வந்தவர்கள், சத்தம் போட்டால் வம்பு. 1966இல் சிவசேனை பிறந்தபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள் என்பதை மாட்டுங்காவின் மூத்த தலைமுறை மறக்கவில்லை. அந்தப் பயத்தை நான் கேலி செய்யப்போவதில்லை. ஆனால் கேட்கப்படுவது மத்தியச் சட்டத்தின் உரிமை. அதே வரிசையில் அதே ‘அடுத்த வாரம் வாங்க’வைக் கேட்டுக்கொண்டு மராத்திக்காரர்களும் உத்தரப் பிரதேசக்காரர்களும் நிற்கிறார்கள். நம் மேசை அவர்களுக்கும் திறந்திருந்தால் மொழிச் சண்டைக்கு அங்கே இடமில்லை. மொழியைப் பொறுத்தவரை நிலைமையும் மாறிவிட்டது. அரசாணையும் படிவமும் மராத்தியில் இருக்கின்றன என்று தாத்தா தலைமுறை பயந்தது. தாராவிப் பள்ளிகளில் இன்று படிக்கும் பிள்ளைகள் மராத்தியைப் பாடமாகப் படித்து, பிழையில்லாமல் எழுதுகிறார்கள். மனு எழுத அவர்களைவிடத் தோதான ஆட்கள் யார்?

வீட்டுக்குள் இருக்கும் தடையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தங்கை கல்யாணம் தடைப்படும் என்று அண்ணனின் மனநோயைப் பதிவு செய்யாமல் மறைக்கும் குடும்பங்கள் எல்லாச் சாதியிலும் எல்லா வர்க்கத்திலும் உண்டு. அதைச் சங்க மேடையில் அறிவுரை சொல்லித் தீர்க்க முடியாது; ரகசியமாக வந்து கேட்க ஓர் இடம் இருந்தால் சிலர் வருவார்கள்.

இனி, செய்யக்கூடியது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. இடையில் இருப்பது வேறு தூரம் என்று உங்களுக்கும் தெரியும். ஒரு பக்கத்துத் தமிழர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களை நம்பி வந்தவர்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கும் அளவுக்கு அமைப்புத் திறன் உள்ளவர்கள். இன்னொரு பக்கத்தவர் தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். வங்கியிலும் ரயில்வேயிலும் ஏஜீஸ் ஆபீசிலும் முப்பது ஆண்டு குறிப்பெழுதி ஓய்வுபெற்றவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிறைய இருக்கிறார்கள். ஓர் ஆணையைப் படித்ததும் அதில் எந்த வரி பலவீனம் என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. அந்தத் திறமை காலை நடையில் அரசியல் பேசுவதில் கரைந்துகொண்டிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், தாராவியில் ஒரு மேசை, அவர்களில் இருவர், மராத்தி எழுதும் கல்லூரி மாணவர் ஒருவர். இவ்வளவுதான் நான் கேட்பது. மருத்துவ முகாமும் மண்டபமும் வேண்டாம்.

அந்த மேசையில் நடக்க வேண்டியதும் எளிமையானது. யுடிஐடி விண்ணப்பம் இணையத்தில் போட்டதும் வரும் பதிவு எண்ணை அச்செடுத்துக் கோப்பில் வைப்பது. சான்றிதழுக்கான அவகாசம் முன்பு ஒரு மாதம். 2024 திருத்தத்தில் மூன்று மாதமாயிற்று. அந்தத் தேதியைக் காலண்டரில் குறிப்பது. இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவாகாமல் கிடந்தால் விண்ணப்பம் செயலிழந்துவிடும் என்பதும் அதே திருத்தத்தில் இருப்பதால், சும்மா காத்திருப்பது ஆபத்து. தேதி தாண்டியதும் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். பதில் இல்லாவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி: என் மனுவின் நிலை என்ன, யாரிடம் இருக்கிறது, மறுத்திருந்தால் காரணம் என்ன. 30 நாளில் பதில் வர வேண்டும். வாய்மொழி மறுப்பு எழுத்து மறுப்பாக மாறுவதற்கு எனக்குத் தெரிந்த வழிகளில் மலிவானது இதுவே. மறுப்பு கையில் வந்த பிறகு எழுதும் மேல்முறையீட்டில் வறுமையைப் புலம்ப வேண்டாம். அதிகாரி அதை ஆயிரம் தடவை படித்தவர். எந்தக் குறைபாட்டை அளக்கவில்லை, எந்த டாக்டர் பார்க்கவில்லை, மதிப்பீட்டு விதியின் எந்தப் பகுதி கடைப்பிடிக்கப்படவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் வக்கீல் செலவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்ட சேவை அதிகார அமைப்புகள் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். ஆளை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவருடைய பரிந்துரைக்கு மூன்று மாதத்தில் சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்ல வேண்டும். அலுவலகம் புனேயில் இருப்பது மும்பைக்காரருக்கு ஒரு கஷ்டம்தான். பரிந்துரை என்பது உத்தரவுக்குச் சமமில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் பதிவான புகார் ஒன்று அடுத்த படிக்கு ஆதாரமாகும். 2023இல் நடைபாதைக் கம்பங்கள் சக்கர நாற்காலிக்கு இடைவெளி விடவில்லை என்று ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலையே பம்பாய் உயர் நீதிமன்றம் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், கேமரா முன் கண் சிமிட்ட முடியாதவர்களுக்கும் டிஜிட்டல் சரிபார்ப்பில் வழி செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆதார், முகம் காட்டும் ஆப், உயிரோடு இருப்பதற்கான ‘ஹயாத்’ சான்று என்று ஒவ்வொன்றுக்கும் அலையும் நம்மவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று மேசையில் இருப்பது நல்லது.

இவற்றை அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் தாராவி மறுசீரமைப்பு. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததைக் காட்டுபவர்களுக்குத் தாராவியிலேயே வீடு. அதற்குப் பின் வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் வெளியே போக வேண்டியிருக்கும். முலுண்டு, தேவ்னார் என்று பேசப்படும் இடங்கள் எல்லாம் மும்பைப் புறநகர் மாவட்டம். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம். அதன் கலெக்டர் அலுவலகம் ஃபோர்ட் பகுதியில். தேவ்னாருக்கோ முலுண்டுக்கோ போனால் கலெக்டர் பாந்த்ராவில், தாசில்தார் வேறு, கோப்பு வேறு. இடம் மாறும் ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக்கும் உதவித்தொகைக் கோப்பும் மாவட்டம் விட்டு மாவட்டம் மாற வேண்டும்; அந்த மாற்றத்தில் பணம் நின்றுபோனால் எந்த அலுவலகத்தில் கேட்பது என்ற கேள்வி வரும். வீட்டுக்கான தகுதிக்கும் உதவித்தொகையின் 15 ஆண்டு நிபந்தனைக்கும் கேட்கப்படுவது கிட்டத்தட்ட அதே காகிதங்கள்தாம்: போட்டோ பாஸ், பழைய மின் ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு. வீட்டுக் கணக்கெடுப்புக்காக அவற்றை மூட்டையிலிருந்து எடுக்கும்போதே இரண்டு செட் நகல் எடுத்து, பெயர் முரண்பாடுகளைக் குறித்து, தேவையானவர்களுக்கு ஒரே ஆள் என்பதற்கான அஃபிடவிட்டும் கெஜட் அறிவிப்பும் இப்போதே முடித்துவிடலாம். அடுத்த பொதுக்குழுவில் ஆண்டுவிழாச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும்போது இந்த மேசைக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷினும், தபால் செலவும், பூட்டு போட்ட ஓர் அலமாரியும் போதும்.

அன்புடன்,
உங்கள் சங்கங்களில் சந்தா கட்டும் ஒருவர்